மகளின் கொப்பியைத் திறக்காதீர்கள்



நம்மில் பலர் எழுதியதை எரித்தவர்கள். யுத்த காலத்தில் ஒரு கடிதமோ பழைய டயரியோ எந்தச் சோதனைச் சாவடியில் யார் கையில் அகப்பட்டு என்ன வினையைக் கொண்டுவருமோ என்று பயந்து அடுப்பில் போட்டோம், வளவுக்குள் புதைத்தோம். எழுத்து என்றாலே ஆபத்து என்று பழகிப்போன நமக்கு, வீட்டில் ஒரு பெண்பிள்ளை மூலையில் குந்தியிருந்து எதையோ எழுதி, நம்மைக் கண்டதும் கொப்பியை மூடினால் நெஞ்சு திடுக்கிடுவது இயல்புதான். யாருக்கு எழுதுகிறாள்? எதை மறைக்கிறாள்? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தக் கொப்பியைத் திறக்கக் கை துடிக்கும். அந்தக் கையை ஒரு நிமிடம் நிறுத்தி இதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வடக்கில் பிறந்தவள். 1990 அக்டோபரில் அங்கிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பாடசாலைச் சிறுமி. புத்தளத்து முகாமில் வளர்ந்து, திருமணமாகிக் கொத்மலைப் பக்கம் வந்தேன். நுவரெலியா மாவட்டத்தின் பெரிய முஸ்லிம் ஊர்களில் ஒன்றான ஹப்புகஸ்தலாவையும், அதைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களும்தான் இப்போது எனக்கு ஊர். ஞாயிறு காலையில் அஹதியா வகுப்பில் 13 வயது முதல் 17 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு மார்க்கப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தின் கடைசி அரை மணித்தியாலம் கொப்பி எழுதும் நேரம். 2022 இல் தொடங்கினோம். காகிதத் தட்டுப்பாட்டால் பரீட்சைகளே பிற்போடப்பட்ட வருடம் அது. கொப்பி விலை கேட்டால் தலை சுற்றும். கடைக்காரர் ஒருவர் விற்காமல் கிடந்த பழைய வருடத்து டயரிகளை இனாமாகத் தந்தார். கிழமையும் திகதியும் பொருந்தாத அந்தப் பக்கங்களில்தான் பிள்ளைகள் எழுதப் பழகினார்கள்.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு யுத்தம் தெரியாது, அவர்களுக்கு என்ன மனக்கஷ்டம் என்று வடக்கு கிழக்கில் இருக்கும் சகோதரிகள் நினைக்கலாம். என் வகுப்பில் இருப்பவர்களைச் சொல்கிறேன். ஒருத்தியின் உம்மா வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து ஏழு வருடத்துக்குப் பிறகு திரும்பியவர். இன்னொருத்தியின் மூத்தவாப்பா கொவிட் காலத்தில் மௌத்தாகி, ஜனாஸாக்களையும் எரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தபோது எரிக்கப்பட்டவர். அந்தக் கட்டாயம் 2021 பெப்ரவரியில்தான் நீங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. ஒரு பிள்ளையின் பெரியும்மா அந்தக் கட்டாயம் நீங்கிய பிறகு ஓட்டமாவடியில் அடக்கப்பட்டார். இங்கிருந்து மலையிறங்கி மட்டக்களப்பு மாவட்டம் வரை போய் அந்தக் கப்றைப் பார்க்க அந்தக் குடும்பத்துக்கு இன்னும் முடியவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பஸ்ஸில் தன் உம்மாவின் அபாயாவை எல்லோரும் உற்றுப் பார்த்ததை ஒருத்தி மறக்கவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. கடைசியாக 2025 நவம்பரில் வந்த டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த மழையில் கொத்மலையின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் நாட்கள் போயின. இப்போதும் இரவில் மழை சற்றுப் பலத்தால் உடுப்புப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு விழித்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு அழுவதற்கு இடம் கிடையாது. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பறாவில் இருமினால் இங்கே கேட்கும். தொழுகை விரிப்பில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

புயலுக்குப் பின் வகுப்பு மீண்டும் தொடங்கிய நாளில் ஒரு பிள்ளை, மற்றவர்கள் வெளியேறும்வரை நின்று, மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், அல்லாஹ்வோட கோவப்பட்டா பாவமா?"

இந்தக் கேள்விக்கு "அப்படிச் சொல்லக்கூடாது, தவ்பாச் செய்" என்று சொல்லி அனுப்புவது மிக இலகு. நம்மில் பலருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. முகாமில் எங்கள் உம்மாமாரிடம் சபூர் செய்யுங்கள் என்று சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. என்ன நடந்தது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நான் அவளைக் குர்ஆனைத் திறக்கச் சொன்னேன். மகன் யூஸுபைப் பிரிந்த துயரில் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத யஃகூப் நபி (அலை) அவர்களை யூஸுப் அத்தியாயத்தில் காட்டினேன். பெற்ற பிள்ளைகளே அவரைக் கடிந்தபோது, தன் முறைப்பாடு மனிதரிடம் அல்ல என்று அவர் சொல்லிவிடுகிறார். மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வலியில் தனித்திருந்தபோது மரணத்தையே விரும்பியதை மர்யம் அத்தியாயம் மறைக்கவில்லை. நம் நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர்கள், ஆறு வயதில் தாயை, எட்டு வயதில் பாட்டனாரை. பின்னாளில் கதீஜா நாயகியும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே பெயர். வஹீ வருவது நின்றுபோய் அவர்கள் கலங்கியிருந்த காலத்துக்குப் பிறகு வந்த ஆறுதல்தான் நாம் சின்ன வயதில் மனனம் செய்யும் ளுஹா அத்தியாயம். முறைப்பாட்டை அவனிடமே கொண்டுபோவதும் ஈமானில் சேர்ந்ததுதான் என்று அவளுக்குச் சொன்னேன். "அப்ப அதை எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வகுப்பில் எழுதும் முறை சிக்கலானதல்ல. முதலில் ஒரு சின்ன ஆயத்தையோ நபிமார் வரலாற்றில் ஒரு துண்டையோ வாசிப்போம். பிறகு பதினைந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. இந்தக் கிழமை எது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, அதை அல்லாஹ்விடம் சொல்வதானால் எப்படிச் சொல்வாய் என்பதே வழமையான கேள்வி. எழுத்துப் பிழை பார்ப்பதில்லை. தமிழில் எழுதினாலும் சரி, சிங்களத்தில் எழுதினாலும் சரி. எழுதப் பிடிக்காதவள் சும்மா இருக்கலாம், படம் கீறலாம். முடியும்போது ஏதாவது ஒரு நல்லதை ஒரு வரியில் குறித்துவிட்டு, துஆ ஓதி எழும்புவோம். அந்த ஒரு வரி "இன்றைக்கு மழை இல்லை" என்றும் இருக்கலாம். விரும்பியவர்கள் வாசித்துக் காட்டலாம். ஆனால் வாசி என்று நான் கேட்பதில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. மாதவிடாய் நாட்களில் பிள்ளைகளுக்குத் தொழுகை இல்லை. மனம் மிகவும் சோர்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் அவர்களுக்கு விரிப்பும் இல்லாமல் போகிறது. தாங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதாகச் சில பிள்ளைகள் உணர்கிறார்கள். துஆவுக்கும் திக்ருக்கும் அந்நாட்களில் தடை இல்லை. கொப்பியும் அப்படித்தான். அந்த நாட்களில் கூடுதலாக எழுதுவதாகப் பெரிய பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இது ஏதோ வெள்ளைக்காரரிடமிருந்து வந்த புதுப்பழக்கம் என்று ஊரில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அவருக்கு முஹாஸபாவை நினைவுபடுத்தினேன். நாள் முடிவில் மனிதன் தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்வதற்கு அந்தப் பெயர். பஸ்ராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 857 இல் மறைந்த ஹாரிஸ் என்ற அறிஞர் இதிலேயே ஊறியிருந்ததால் 'அல்முஹாஸிபீ' என்றே அழைக்கப்பட்டார். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இதற்குத் தனி நூற்பிரிவே ஒதுக்கினார். பக்தாதில் வாழ்ந்த இப்னுல் பன்னா என்ற ஹன்பலி அறிஞர் தம் கையால் எழுதிய நாட்குறிப்பில் 11ஆம் நூற்றாண்டுப் பக்கங்கள் சில இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஊர்ச் செய்தி, மரணம், தாம் கண்ட கனவு எல்லாம் அதில் உண்டு.

எனக்கு இவர்களைவிட நெருக்கமாகத் தெரிபவர் அபூ ஸைத் அல்பல்கீ. 934 இல் மறைந்தவர். உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி ஒரு நூல் எழுதி, அச்சம், கோபம், கவலை, விடாமல் அரிக்கும் எண்ணம் என்று மனத்தின் நோவுகளை வகை பிரித்தார். உடம்புக்கு நோய் வரும் என்பது போல மனதுக்கும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்தக் காலத்திலேயே எழுதிய மனிதர். அவர் சொன்ன ஒரு யோசனை எங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். திடீர்க் காயத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் நன்றாக இருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்து, மனம் குலையும் நாளில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறார். பிள்ளைகள் கொப்பியின் கடைசிப் பத்துப் பக்கங்களை அதற்கென்று விட்டிருக்கிறார்கள். பிடித்த துஆ, உம்மும்மா சொன்ன வார்த்தை, கூட்டாளி எழுதித் தந்த வாழ்த்து எல்லாம் அங்கே. புயலுக்குப் பிறகு மூன்று பேர் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் திறந்ததாகச் சொன்னார்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை நோகடித்த அனுபவத்தை எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றித் தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைவு. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் அது சிறியது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்று இதைவிட நம் மனதுக்குக் கிட்டியது. 2004 சுனாமிக்குச் சில கிழமைகளுக்குள், யுத்தத்தையும் கடலையும் சேர்த்து அனுபவித்த 31 வடகிழக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுப் பிள்ளைகள் தம் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் அதை எழுதிச் செம்மைப்படுத்தினார். மற்றப் பிரிவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு சந்திப்புகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் பத்துக்கு எட்டுப் பேரும், மற்றதில் பத்துக்கு ஏழு பேரும் தேறியிருந்தார்கள். இரண்டு பிரிவிலும் ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தார் என்பதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். ஆகவே கொப்பியை மருந்து என்று யாரும் உங்களுக்கு விற்க வந்தால் நம்பாதீர்கள்.

விற்கத்தான் செய்கிறார்கள். நோன்பு காலத்தில் கடைகளில் வரும் கட்டம் போட்ட அழகான புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இத்தனை ரக்அத், இத்தனை ஜுஸ்உ, செய்தால் சரி, தவறினால் வெறுங்கட்டம். கலகலப்பான பிள்ளைக்கு அது விளையாட்டு. ஏற்கனவே மனம் உடைந்த பிள்ளைக்கு அது தண்டனைச் சீட்டு. தவறிய சுபஹ்களைச் சிவப்புப் பேனையால் எண்ணி 47 என்று எழுதி, அதற்குக் கீழே தன்னையே ஏசி வைத்திருந்த ஒரு பிள்ளை தானாகவே என்னிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். புயலுக்குப் பிறகு அவள் இரவில் தூங்குவதே இல்லை, பிறகு சுபஹுக்கு எப்படி எழும்புவாள்? பாவங்களைப் பட்டியல் போடச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை. அல்லாஹ் மறைத்ததை மனிதன் பகிரங்கப்படுத்தலாகாது என்பது நம் மார்க்கம். அந்தக் கணக்கைக் காகிதத்தில் வைக்க வேண்டிய அவசியம் ஒரு சிறுமிக்கு இல்லை.

எழுதிய பக்கங்களை என்ன செய்வது என்ற பிரச்சினையும் வந்தது. அல்லாஹ்வின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட முடியாது. கண்ணியமாக எரிக்கலாம் அல்லது புதைக்கலாம் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். எரிப்போமா என்று கேட்டேன். மூத்தவாப்பாவை அப்படிப் பறிகொடுத்த பிள்ளை தலையை ஆட்டினாள். "எரிக்க மட்டும் சொல்லாதீங்க டீச்சர்." அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, யார் யார் பக்கங்களைக் கைவிட விரும்புகிறார்களோ அவர்கள் தாமே மடித்துக்கொண்டு வந்து மண்ணில் வைக்கிறார்கள். வைத்திருக்க விரும்புபவர்களின் கொப்பிகள் பொலித்தீன் பையில் சுற்றி, வகுப்பு அலுமாரியில் பூட்டியிருக்கின்றன. சாவி ஒரு மாணவியிடம், என்னிடம் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, எங்கள் மாணவி ஒருத்தியின் வகுப்புத் தோழி, தானும் வரலாமா என்று கேட்டனுப்பினாள். அவள் எழுதுவது மாரியம்மனுக்கு. ஞாயிறு வகுப்புக்கு அவள் வீட்டார் விடவில்லை, எங்கள் பக்கத்திலும் எல்லோருக்கும் சம்மதமில்லை. ஆகவே இருவரும் பாடசாலை இடைவேளையில் ஒரே வாங்கில் இருந்து எழுதுகிறார்கள். மாதாவுக்கு எழுதும் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இனி முக்கியமான ஒன்று. கொப்பி இரகசியம்தான், ஆனால் உயிர் விஷயத்தில் இரகசியம் இல்லை என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். சாக வேண்டும் என்று எழுதத் தோன்றினால், யாராவது தன்னைத் தொட்டுத் துன்புறுத்துவதை எழுத வேண்டி வந்தால், அந்தப் பக்கத்தை மூடி வைக்காமல் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் கொண்டுவர வேண்டும். பிள்ளை சாப்பாட்டை வெறுத்தால், நித்திரை இல்லாவிட்டால், கூட்டாளிகளை விட்டு விலகினால், தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், கொப்பியைத் தேடாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை இருக்கிறது. சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போவது பைத்தியத்துக்கு அடையாளமல்ல. அதேபோல் மரணமோ மண்சரிவோ நடந்த அந்தக் கிழமையே எழுது எழுது என்று பிள்ளையை நெருக்காதீர்கள். அப்போது தேவை சூடான தேத்தண்ணீரும், உலர்ந்த உடுப்பும், பக்கத்தில் படுக்க ஒரு ஆளும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய அந்த உம்மா ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் மகளின் கொப்பி. அதை அலுமாரியில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள் மகள். அவருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

"டீச்சர், இவ என்னப் பத்தி அல்லாஹ்வுக்கே பெட்டிசம் எழுதீக்கிறா!"

இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கொப்பியை வாங்கி, திறக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவர் அழுதார். ஏழு வருடம் யாருக்காக அந்த வீட்டில் கழுவினேன், யாருக்காக என் கை வெந்தது என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மகள் எழுதியதும் பொய்யாக இருக்க முடியாது. ஆறு வயதில் விட்டுப்போன உம்மா பதின்மூன்றில் திரும்பி வந்து "நான்தான் உன் உம்மா" என்றால் அந்தப் பிள்ளை அந்த ஏழு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"அவ உங்கள ஏசல்ல," என்றேன். "ஏசினா உங்கட முகத்துக்கு ஏசியிருப்பா. உங்களுக்கு நோகும் என்டுதான் வேற இடத்துல சொல்லியிருக்கிறா."

துருவித் துருவி உளவு பார்ப்பதை ஹுஜுராத் அத்தியாயம் தடுப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். பெற்றவர்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டார். அந்தரங்க நேரங்களில் பிள்ளைகள் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு உள்ளே வரவேண்டும் என்று பழக்கும் மார்க்கம், வளர்ந்த பிள்ளையின் அந்தரங்கத்தை மட்டும் திறந்து போட்டுவிடுமா என்று திருப்பிக் கேட்டேன். பதில் சொல்லாமல் கொப்பியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு மகள் வகுப்பில் ஒரு சொல் எழுதவில்லை. பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தாள். மூன்றாம் கிழமை உம்மா அவளோடு வாசல்வரை வந்தார். பழுப்புத் தாளில் உறை போட்ட புதுக் கொப்பி ஒன்று கையில். உறையில் பெயர் எழுதவில்லை. அதை மகளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டி, "இதுல நான் கை வெக்க மாட்டேன் என்டு நீங்களே அவளுக்குச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"நீங்க சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

மகள் கொப்பியை வாங்கிக்கொண்டாள். நான் இதை எழுதும் இந்தக் கிழமைவரை அதில் முதல் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது என்று அவள் சொல்கிறாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மறக்காமல் கொண்டுவருகிறாள். போகும்போது அலுமாரியில் வைக்காமல் வீட்டுக்கே எடுத்துப் போகிறாள்.